கலப்புப் படப்புள்ளி: நில வகைப்பாட்டின் வரலாறு

செயற்கைக்கோள் படத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட நில வகைகளின் ஒளி கலந்து பதிவான புள்ளி, கலப்புப் படப்புள்ளி எனப்படும். படப்புள்ளியைப் பிக்சல் என்றும் கூறுவர். தரையை மூடியிருப்பது வயலா, காடா, நீரா, கட்டடமா என்று பிரித்தறியும் பணியில் தொடக்கம் முதலே இது ஒரு சிக்கலாக இருந்து வருகிறது.

தொடக்கம்

1972 சூலை 23 அன்று அமெரிக்கா ஏவிய எர்ட்ஸ்-1 செயற்கைக்கோள் பின்னர் லேண்ட்சாட்-1 எனப் பெயர் பெற்றது. வர்ஜீனியா நார்வுட் வடிவமைத்த அதன் வருடி, நான்கு ஒளிப்பட்டைகளில் தரையைப் பதிவு செய்தது. அது ஒரு நேரத்தில் கண்ட தரைச் சதுரத்தின் பக்கம் சுமார் 79 மீட்டர். பரப்பு ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர். அதற்குள் வயல், சாலை, மரம் எது இருந்தாலும், ஒவ்வொரு பட்டையிலும் ஒரே எண்ணாகவே பதிவானது.

அக்காலத்தில் வழக்கிலிருந்த வகைப்பாட்டு முறைகள் ஒரு புள்ளிக்கு ஒரே பெயரையே சூட்டின. பாதி கோதுமையும் பாதி வெறும் மண்ணும் உள்ள புள்ளி இவ்விரண்டையும் ஒத்திராமல், அங்கு இல்லாத புல்வெளியைப் போலத் தோன்றக்கூடும்.

கோதுமைக் கணக்கு

1972-இல் சோவியத் ஒன்றியம் அமெரிக்காவில் பெருமளவு தானியம் வாங்கியதைத் தொடர்ந்து விலை உயர்ந்தது. பிற நாடுகளின் விளைச்சலை முன்னரே அறியும் தேவை எழுந்தது. நாசா, அமெரிக்க வேளாண்மைத் துறை, தேசியப் பெருங்கடல் மற்றும் வளிமண்டல நிர்வாகம் ஆகியவை இணைந்து 1974 முதல் லேசி எனும் பயிர்க் கணக்கெடுப்புத் திட்டத்தை நடத்தின.

சாகுபடிப் பரப்பைப் படங்களிலிருந்தும், ஏக்கர் விளைச்சலை வானிலைத் தரவுகளிலிருந்தும் கணித்து, இரண்டையும் பெருக்குவது அதன் முறை. எனவே பரப்பில் நேரும் பிழை அப்படியே மொத்த விளைச்சலிலும் சேரும். ஈரம் காக்க ஒரு பட்டை விதைத்து அடுத்த பட்டையைத் தரிசாக விடும் வட அமெரிக்கச் சமவெளிகளில், குறுகிய பட்டைகள் ஒரே புள்ளிக்குள் கலந்து கணிப்பாளர்களுக்குத் தொல்லை தந்தன. சோவியத் கூட்டுப் பண்ணைகளின் வயல்கள் பெரியவை. 1977-இல் அங்கு நேர்ந்த விளைச்சல் குறைவை லேசி முன்கூட்டியே கணித்தது.

பெயரிலிருந்து பங்குக்கு

இதற்கான தீர்வு வழி 1971-இலேயே முன்வைக்கப்பட்டிருந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஹோர்விட்ஸ், நலேப்கா முதலியோர், புள்ளிக்குள் ஒவ்வொரு பொருளும் வகிக்கும் பங்கை மதிப்பிடும் முறையை விளக்கினர். எடுத்துக்காட்டாக, ஒரு பட்டையில் கோதுமையின் எதிரொளிப்பு 50 விழுக்காடு, மண்ணின் எதிரொளிப்பு 20 விழுக்காடு என்க. புள்ளியின் எதிரொளிப்பு 35 எனில், இரண்டும் சரிபாதி எனக் கொள்ளலாம். பொருள்களின் எண்ணிக்கை கூடினால் பட்டைகளும் கூட வேண்டும். நான்கு பட்டைகளைக் கொண்டு ஐந்து பொருள்கள் வரையே பிரிக்க இயலும்.

1986-இல் ஆடம்சு, சுமித், சான்சன் ஆகியோர் இத்தகைய கலவைக் கணக்கைச் செவ்வாயில் வைக்கிங்-1 இறங்கிய இடத்தின் பாறை, மண் வகைகளை ஆராயப் பயன்படுத்தினர். 1995-இல் ரிட், நகர நிலத்தைத் தாவரம், நீர் புகாத பரப்பு, மண் என்னும் மூன்றின் கலவையாக விவரித்தார்.

எஞ்சிய வரம்புகள்

2015-இல் ஏவப்பட்ட சென்டினல்-2 சில பட்டைகளில் 10 மீட்டர் நுணுக்கத்தில் படமெடுக்கிறது. ஆயினும் வயலின் ஓரமும் மரத்தின் நிழலும் இன்றும் புள்ளிக்குள் கலக்கின்றன. பங்குக் கணக்கு ஒரு பொருள் எவ்வளவு என்று சொல்லுமேயன்றி, புள்ளிக்குள் எங்கே என்று சொல்லாது. புள்ளி என்பது கருவி வகுத்த எல்லை. நிலத்தின் எல்லை அதுவன்று. ஒரு வண்ணத்தில் ஒரு பெயர் தாங்கிய நிலப்படத்தைப் படிக்கும்போது இவ்வேறுபாட்டை மனத்தில் கொள்வது அவசியமாகும்.