நற்கருணை நோன்பு

கத்தோலிக்கர் நற்கருணை வாங்கும் முன் உணவைத் தவிர்க்கும் ஒழுங்கு. உள்ளத்தின் ஆயத்தத்தில் உடலும் பங்குபெற வேண்டும் என்பதே இதன் கருத்து. முன்பு நள்ளிரவு முதல் தண்ணீர்கூடக் கூடாது. ஆகவே நற்கருணை வழங்கப்படும் வழிபாடான திருப்பலி பெரும்பாலும் காலையிலேயே நடந்தது. திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1953-இல் தண்ணீருக்கு விலக்களித்தார். 1957-இல் திட உணவுக்கும் மதுவுக்கும் 3 மணி நேரம், பிற பானங்களுக்கு 1 மணி நேரம் என்று வரையறுத்தார். மாலைத் திருப்பலி பரவ இத்தளர்வுகள் வழிவிட்டன. 1964-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் எல்லாவற்றையும் 1 மணி நேரமாக்கினார். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 919-ஆம் விதியும் அதையே சொல்கிறது. தண்ணீருக்கும் மருந்துக்கும் தடையில்லை. முதியோர், நோயாளிகள், அவர்களைப் பராமரிப்போர் ஆகியோருக்கு நோன்பே கட்டாயமில்லை. நேரம் திருப்பலியின் தொடக்கத்திலிருந்து அல்ல, நற்கருணை வாங்கும் கணத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடப்படுவதால், ஞாயிறு வழிபாட்டில் அந்த ஒரு மணியின் பெரும்பகுதி கோயிலுக்குள்ளேயே கழிந்துவிடுகிறது; நோன்பு என்ற உணர்வே பலருக்கு எழுவதில்லை. கீழை மரபுவழித் திருச்சபைகளில் நள்ளிரவு நோன்பே இன்றும் பொது வழக்கம்.