கொடையா, கோடையா?

வத்தலக்குண்டில் மலையேறக் காத்திருக்கும் பேருந்தின் நெற்றியில் 'கொடைக்கானல்' என்று எழுதியிருக்கிறது. உள்ளே ஓட்டுநர் வைத்திருக்கும் வானொலியோ தன்னைக் 'கோடை பண்பலை' என்று சொல்லிக்கொள்கிறது. ஊர் ஒன்றுதான். முதலெழுத்து மட்டும் ஓரிடத்தில் குறில், இன்னோரிடத்தில் நெடில். இந்த ஒரு மாத்திரை வேறுபாட்டைத் துருவிப் பார்த்தால், சங்ககாலத்துத் தலைவன் ஒருவனில் தொடங்கி இன்றைய ஞாயிற்றுக்கிழமைச் சந்தை வரைக்கும் ஒரு நீண்ட பாதை திறக்கிறது.

ஊர்ப்பெயருக்குப் பொதுவாக மூன்று விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. கொடிகள் அடர்ந்த காடு என்பதால் கொடிக்கானல். இயற்கை அளித்த கொடை என்பதால் கொடைக்கானல். கோடையில் தங்குவதற்கு ஏற்ற இடம் என்பதால் கோடைக்கானல். மூன்றும் கேட்க நன்றாக இருக்கின்றன. ஆனால் கேட்க நன்றாக இருப்பது சொல்லாராய்ச்சிக்குப் போதாது.

முதலில் கொடி. 'கொடிக்கானல்' என்று ஒரு பெயர் இருந்திருந்தால் அது அப்படியே நின்றிருக்கும். இகரத்தில் முடியும் சொல் வல்லினத்தின் முன் ஐகாரமாக மாறுவதற்குத் தமிழில் விதியும் இல்லை, பேச்சு வழக்கும் இல்லை.

அடுத்து கொடை. நிலத்தைக் கொடையாகக் கொடுத்து உண்டான ஊர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். ஆனால் அவற்றின் பெயர் வேறு மாதிரி அமையும். இதே மலையின் தெற்கு அடிவாரத்தில் இருக்கும் தேவதானப்பட்டியே அதற்குச் சாட்சி. தேவதானம் என்றால் கோயிலுக்கு விட்ட நிலம். கொடுத்த பொருளும் பெற்றவரும் அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறார்கள். கொடைக்கானலில் கொடுத்தவர் யார், பெற்றவர் யார்? இயற்கையின் கொடை என்பது சுற்றுலாக் கையேட்டின் மொழி. காட்டையும் ஓடையையும் பாறையையும் பார்த்து ஊருக்குப் பெயர் வைத்த மலைமக்கள் அப்படிப் பேசுவதில்லை.

எஞ்சுவது கோடை. ஆனால் அதற்கு 'வெயிற்காலம்' என்று பொருள் கொண்டால் பெயர் தலைகீழாகிவிடும். வெயிலுக்கு ஒதுங்கி மலையேறும் வழக்கம் வெள்ளைக்காரர்களோடு வந்தது. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் இங்கே முதல் வீடுகளைக் கட்டியது 1845இல். ஊரே அப்போதுதான் உருவாகத் தொடங்குகிறது. வெயிற்கால வாசம் வந்த பிறகு அதைக் குறிக்கப் பெயர் வந்தது என்றால், பெயர் வைத்தவர்கள் கானல் என்ற பழந்தமிழ்ச் சொல்லைத் தேடிப் பிடித்திருக்க வேண்டும். பாதிரிமாரும் கலெக்டர்களும் அப்படிச் செய்பவர்கள் அல்லர்.

கோடை என்பது ஒரு மலையின் பெயர். புறநானூற்றின் 205ஆம் பாட்டில் பெருந்தலைச் சாத்தனார் கடியநெடு வேட்டுவன் என்ற தலைவனைப் பாடும்போது அவனைக் கோடைக்கு உரியவன் என்றே விளிக்கிறார். அதே புலவர் அகநானூற்றின் 13ஆம் பாட்டில், பாண்டியனின் மறவனான பண்ணி என்பவனையும் கோடை மலைத் தலைவன் என்கிறார். அந்தக் கோடை இன்றைய கொடைக்கானல் மலையே என்று அறிஞர் பலர் கொள்கிறார்கள். மலையின் வடக்கு அடிவாரத்தில் இருக்கும் பழனி, ஆவியர் குடியின் பொதினியாக அகநானூற்றில் வருகிறது. மலையின் ஒரு பக்கத்துக்குப் பொதினி என்றும் மற்றொரு பக்கத்துக்குக் கோடை என்றும் பெயர் வழங்கியதில் வியப்பில்லை.

அந்தப் புறப்பாட்டின் பொருளே கொடையைப் பற்றியது என்பது தற்செயல்தான். மூவேந்தரே ஆனாலும் விருப்பமில்லாமல் தருவதை வாங்க மாட்டோம் என்கிறார் புலவர். கோடைத் தலைவனிடம் கொடை கேட்டுப் போன பாட்டு அது. கொடை என்ற பொருள் அவ்வளவு அருகில் நின்றும் மலைப்பெயரோடு கலக்கவில்லை.

மலைக்கு ஏன் கோடை என்று பெயர் வந்தது? இதற்கும் வெயிலை விட்டுவிட்டுக் காற்றைப் பார்க்க வேண்டும். தெற்கிலிருந்து வருவது தென்றல், வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை. பழந்தமிழில் கோடை என்றால் மேல்காற்றும்தான். திண்டுக்கல் சமவெளியில் நின்று பார்த்தால், மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே நீண்டு வந்த இந்தக் கிளை மேற்கு வானத்தை மறித்து நிற்கும். மேல்காற்று வரும் திசையில் நிற்கும் மலை கோடை மலை. பெயருக்கு இதைவிடப் பொருத்தமான காரணம் எனக்குத் தெரியவில்லை.

அப்படியானால் நெடில் எப்படிக் குறிலாயிற்று? குற்றவாளியைத் தேடி ஏட்டுச்சுவடிக்குப் போக வேண்டும். தொல்காப்பியத்தின்படி எகர ஒகரக் குறில்களுக்குப் புள்ளி உண்டு, நெடில்களுக்கு இல்லை. ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று எழுதுவோர் அதை விட்டுவிட்டார்கள். அதனால் ஏட்டில் கொடையும் கோடையும் ஒரே வடிவம். படிப்பவர்தான் இடம் பார்த்துப் பிரித்துக்கொள்ள வேண்டும். 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடிலுக்கு இரட்டைச் சுழிக்கொம்பு கொடுத்த பிறகே இந்தச் சிக்கல் தீர்ந்தது. தீர்ந்த கையோடு அடுத்த சிக்கல் வந்தது. ஆங்கில எழுத்தில் ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் ஒரே எழுத்துதான். மலைக்கு வந்த அதிகாரிகள் ஆங்கிலத்தில் பதிந்ததைப் பார்த்து மறுபடி தமிழில் எழுதியவர்கள் குறிலை எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். நாக்கும் அதற்கு உடன்பட்டது. வெற்றிலைக்குண்டு வத்தலக்குண்டாகத் தேய்ந்தது என்று சொல்லும் வட்டாரம் இது. நீண்ட பெயரில் முதல் நெடில் குறுகியது. பெயர் சுருங்கித் தனியே 'கோடை' என்று நிற்கும்போது நெடில் திரும்பிவிடுகிறது. வானொலியில் நாம் கேட்பது அந்தப் பழைய நெடில்தான்.

இனி கானல். சங்க இலக்கியம் படித்தவர்களுக்கு இந்தச் சொல் கடற்கரையில்தான் நிற்கும். சிலப்பதிகாரத்தின் கானல்வரி புகார்க் கடற்கரையில் பாடப்படுவது. கடற்கரைச் சோலை 7,000 அடி உயரத்துக்கு எப்படி ஏறிற்று? கான் என்றால் காடு. கானம், கானகம், கானல் எல்லாம் அதன் கிளைகள். நெய்தல் பாடிய புலவர்கள் கானலைக் கடற்கரைக்கு உரியதாக்கினார்கள். மலைவழக்கு அதன் பழைய பொதுப்பொருளைக் கைவிடவில்லை. மூணாறு பக்கம் போனால் சின்னக்கானல், பெரியகானல் என்று ஊர்கள் இருக்கின்றன. அங்கே கடலும் இல்லை, கோடை வாசஸ்தலம் என்ற பொருளும் இல்லை. மலைக்காடு மட்டும் உண்டு. இரண்டு மலைகளிலும் ஒரே சொல் ஒரே பொருளில் நிற்பதே என் வாதத்துக்கு வலுவான சான்று. கோடைக்கானல் என்பது கோடை மலையின் சோலைக்காடு.

சோலை என்ற சொல்லுக்கு நேர்ந்தது வேறு. வெள்ளைக்காரர்கள் அதை எடுத்துக்கொண்டு 'ஷோலா' ஆக்கினார்கள். மலையுச்சிப் பள்ளங்களில் புல்வெளிகளுக்கு நடுவே ஒதுங்கி வளரும் காட்டுக்கு அதுவே உலக அறிவியல் பெயராயிற்று. இன்று தமிழ் நாளிதழ்களே 'ஷோலா காடுகள்' என்று எழுதுகின்றன. வீட்டைவிட்டுப் போன பிள்ளையை அயலார் வைத்த பெயர் சொல்லி நாமே கூப்பிடுவது போல இருக்கிறது. கானல் எங்கும் போகவில்லை. ஊர்ப்பெயருக்குள் பத்திரமாக இருந்துவிட்டது.

ஊரை எழுப்பியவர்கள் தங்கள் பெயர்களை விட்டுச்செல்லத் தயங்கவில்லை. லெப்டினன்ட் வார்டு 1821இல் மலையை அளந்தார். மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863இல் ஏரியை உண்டாக்கினார். 1872இல் அமைந்த நடைபாதைக்குக் கோக்கர் பெயர், 1908இல் அமைந்த பூங்காவுக்கு பிரையண்ட் பெயர், மலைச்சாலைக்கு லா என்பவரின் பெயர். ஆனால் ஊரின் தலைப்பெயரில் யாரும் கைவைக்கவில்லை. அவர்களுடைய நாட்டில் சந்தையே ஊர்ப்பெயராவது உண்டு. ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் இருக்கும் சிப்பிங் நார்ட்டனில் 'சிப்பிங்' என்பது பழைய ஆங்கிலத்தில் சந்தையைக் குறித்த சொல். கொடைக்கானலில் வாரந்தோறும் சந்தை கூடியும், சந்தை பெயருக்குள் நுழையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்தச் சந்தைக்குப் போனால் பெயர்களின் பெருக்கு காதில் விழும். தாள் உரியாத மலைப்பூண்டு சின்னச் சின்னதாக, கட்டுக்கட்டாகக் கிடக்கும். கட்டைக் கையில் எடுத்தாலே காரம் மூக்கில் ஏறும். பூம்பாறைப் பூண்டா, மன்னவனூர்ப் பூண்டா என்று விசாரித்துத்தான் விலை பேசுவார்கள். புவிசார் குறியீடு பெற்ற பூண்டு இது. பக்கத்தில் கேரட், பீன்ஸ், சௌசௌ, பட்டர் ஃப்ரூட் எல்லாம் வெள்ளைக்காரர் வந்த பிறகு வந்தவை. பெயரிலேயே வந்த வழி தெரியும். வாங்குபவர்களும் விற்பவர்களும் வில்பட்டி, பள்ளங்கி, வெள்ளகவி, கவுஞ்சி, கூக்கால், கிளாவரை என்று ஊர் சொல்லிப் பேசிக்கொள்வார்கள். ஒவ்வொன்றும் ஒரு கட்டுரைக்குப் பொருள்.

பளியர்களும் புலையர்களும் குன்னுவர்களும் வாழும் மலை இது. குன்னுவர் என்ற பெயரிலேயே குன்று இருக்கிறது. அவர்களுடைய பெரியவர்கள் ஓடைக்கும் பாறைக்கும் சோலைக்கும் காட்டு வயலுக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை எந்த வரைபடத்திலும் ஏறவில்லை. அந்த இடங்களில் தங்கும் விடுதிகள் எழும்பும்போது விடுதியின் பெயரே இடத்தின் பெயராகிவிடுகிறது. ஈராயிரம் ஆண்டு தாங்கிய கோடையே ஒரு மாத்திரை இழந்தது என்றால், எழுதப்படாத பெயர்கள் ஒரு தலைமுறைகூடத் தாங்காது.

இதற்குப் பெரிய ஆய்வுத் திட்டம் எதுவும் வேண்டியதில்லை. மலையூர்கள் அத்தனையும் வாரம் ஒருமுறை ஒரே இடத்தில் கூடுகின்றன. பள்ளித் தமிழாசிரியர்கள் மாணவர்களிடம் ஒரு குறிப்பேட்டைக் கொடுத்து அந்தச் சந்தைக்கு அனுப்பலாம். எந்த ஊர், ஊருக்குப் பக்கத்தில் என்ன ஓடை, அதற்கு என்ன பெயர், உங்கள் அப்பா காலத்தில் அதை எப்படிச் சொல்வார்கள் என்று கேட்டு, கேட்ட ஒலியிலேயே குறில் நெடில் பிசகாமல் எழுதிவந்தால் போதும். கொடைக்கானலின் பெயரை நாம் நூல்களில் தேடி மீட்க வேண்டியிருக்கிறது. மற்றப் பெயர்களைச் சொல்ல இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள்.