19 × 13 = 247

மார்ச் கணக்கு முடிக்கும் கலாட்டாவில் இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. இடையில் ராத்திரி ராத்திரி உட்கார்ந்து ஒரு விளையாட்டுப் பெட்டி செய்தேன். வணிகவியல் படித்தவனுக்கு சால்டரிங் அயர்ன் எதுக்குன்னு தங்கமணி கேட்டதுக்கான பதில்தான் இந்தப் பதிவு.

புனேவுக்கு மாற்றலாகி எட்டு வருஷம். மகள் ஆறாவது படிக்கிறாள். மராத்தி, ஹிந்தி, ஆங்கிலம் மூன்றும் தண்ணி பட்ட பாடு. தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. மேலூரில் இருந்து அவளுடைய அப்பத்தா நோட்டுத் தாளில் கைப்பட எழுதுவார். பக்கத்து வீட்டுப் பையன் அதைப் படமெடுத்து போனில் அனுப்புவான். இவள் போனை என்னிடம் நீட்டி, "படிச்சு சொல்லுப்பா" என்பாள். தனக்கு வந்த கடிதத்தை இன்னொருத்தர் வாயால் கேட்கிற பிள்ளை. அது உறுத்திக்கொண்டே இருந்தது.

எழுத்து சொல்லிக் கொடுக்கும் மின்னணுப் பெட்டி புது யோசனை இல்லை. அமெரிக்காவில் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1978-லேயே 'ஸ்பீக் அண்ட் ஸ்பெல்' என்று ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பால் ப்ரீட்லவ், ரிச்சர்ட் விக்கின்ஸ், லாரி ப்ராண்டிங்ஹாம், ஜீன் ஃப்ரான்ட்ஸ் என்ற நான்கு பொறியாளர்கள் வேலையைத் தொடங்கியது 1976-ல். ஆரம்ப ஒதுக்கீடு 25,000 டாலர், கெடு மூன்று மாதம். பெட்டி ஒரு சொல்லை உச்சரிக்கும், பிள்ளை எழுத்துக் கூட்டி அமுக்க வேண்டும். ஒளித்து வைத்த சொல்லைக் கண்டுபிடிக்கும் விளையாட்டும் அதில் உண்டு. 1982-ல் வந்த 'ஈ.டி.' படத்தில், வேற்றுக்கிரக வாசி ஊருக்குத் தகவல் அனுப்பச் செய்யும் கருவியில் இருப்பதும் இந்தப் பெட்டிதான்.

அதன் மூளை 4 பிட் மைக்ரோகன்ட்ரோலர். 1974-ல் விற்பனைக்கு வந்த டிஎம்எஸ்1000 குடும்பத்தைச் சேர்ந்தது. பேச்சுக்கான தகவலை வைக்க தலா 128 கிலோபிட் கொண்ட இரண்டு சில்லுகள், அதாவது மொத்தம் 32 கிலோபைட். நான் தப்கீர் கல்லியில் வாங்கிய ஆர்டுயினோ ஊனோவில் இருக்கும் ஏடிமெகா328 சில்லிலும் நிரல் வைக்க அதே 32 கிலோபைட்தான். ஆர்டுயினோ 2005-ல் இத்தாலியின் இவ்ரியா ஊரில், மின்னணுவியல் படிக்காத மாணவர்களையும் மனதில் வைத்துப் பிறந்தது. அந்தத் தைரியத்தில்தான் நானும் இறங்கினேன்.

முதல் அடி திரையில் விழுந்தது. மலிவாகக் கிடைக்கும் 16 × 2 எழுத்துத் திரையில் நாமாக வரைந்துகொள்ள 8 எழுத்துக்குத்தான் இடம். ஒவ்வொன்றுக்கும் 5 × 8 புள்ளி. 'ணு' வரைந்து காட்டினேன். "இது என்னப்பா, நண்டா?" என்றாள். சரி என்று 128 × 64 புள்ளி உள்ள படத்திரைக்கு மாறினேன். அதற்கு மட்டும் 1,024 பைட் நினைவகம் வேண்டும், சில்லில் இருப்பதோ 2,048. பாதிச் சம்பளம் வாடகைக்கே போன கதை.

அடுத்தது எழுத்துகளைச் சேமிப்பது. 1991-ல் வந்த யூனிகோட், இந்திய அரசின் இஸ்கி முறையை அடியொற்றி, நம் எழுத்தை அகரமேறிய மெய், குறி, புள்ளி எனப் பிரித்து வைத்திருக்கிறது. நமக்கு மூன்று எழுத்தான 'தமிழ்', அதில் ஐந்து துண்டு. யுடிஎஃப்-8 கணக்கில் 15 பைட். ஒரு பைட்டில் 256 எண்தான் அடங்கும். 247 எழுத்தை எப்படி எண்ணுவது என்று யோசித்தபோதுதான் கணக்கு டாலி ஆனது. 18 மெய்யோடு 'மெய் இல்லை' என்று ஒன்று சேர்த்தால் 19. 12 உயிரோடு 'உயிர் இல்லை' சேர்த்தால் 13. இரண்டையும் பெருக்கினால் 247! இரண்டுமே இல்லாத அந்த ஒற்றை இடத்தில் ஆய்தம் உட்கார்ந்துகொண்டது. த 92, மி 133, ழ் 195. மூன்று எழுத்து, மூன்றே பைட். மீதி இருப்பது 9 எண். கிரந்த எழுத்துகளுக்கு அது போதாது. மகள் பெயரில் 'ஷ' இருப்பதால் வீட்டில் அது சம்பந்தமாக ஒரு புகார் நிலுவையில் உள்ளது :-)

விசைப்பலகை வைக்கவில்லை. ஒரே ஒரு திருகு குமிழ். திருகி மெய்யைத் தேர்ந்து அமுக்க வேண்டும், மறுபடி திருகி உயிரைத் தேர வேண்டும். எழுத்து சரி, இடம் தப்பு, மெய் மட்டும் சரி என்று பெட்டி காட்டும். 'பாட்டி'க்கு 'பட்டி' போட்டுவிட்டு முழித்தவள், "ஓ, கால் விட்டுட்டேன்" என்றாள். மூன்றாம் நாள், "இது எங்க ஸ்கூல் பாராகடி மாதிரிதானேப்பா?" என்று கேட்டாள். அதேதான். மராத்திப் பிள்ளைகள் ஒவ்வொரு மெய்யையும் 12 உயிரோடு சேர்த்துப் படிப்பது அந்தப் பெயரில்தான். நான் சொல்லித் தராததை அவளே பிடித்துக்கொண்டாள்.

திரைக்கு 247 படம் வரைய எனக்குத் தெம்பில்லை. உயிர், ஆய்தம், அகரமேறிய மெய், உகர ஊகார வரிசை, குறிகள், டி, டீ என 77 படத்தில் முடித்தேன். அது முடிந்ததே 1978 புண்ணியத்தில். பெரியார் 1935 முதல் குடி அரசில் பயன்படுத்திய எழுத்துச் சீர்திருத்தத்தை எம்.ஜி.ஆர். அரசு அந்த ஆண்டுதான் ஏற்றது. சுழித்து எழுதிய ணா, றா, னாவும், தும்பிக்கை போட்ட ணை, லை, ளை, னையும், அவற்றோடு ஒகர ஓகார எழுத்துகளுமாக 13 எழுத்து எளிமையாயின. எனக்கு 7 படம் மிச்சம். அமெரிக்கப் பெட்டி கடைக்கு வந்த அதே வருஷம்!

போன மாதம் அப்பத்தாவிடமிருந்து கடிதம் வந்தது. மகள் போனை என்னிடம் நீட்டவில்லை. தானே எழுத்துக் கூட்டினாள். 'இன்னும் எத்த...' என்று வந்து நின்றாள். "இந்த எழுத்து பெட்டியில இல்லையேப்பா?" பார்த்தேன். அம்மா பள்ளிக்கூடம் போனது 1950-களில். கை இன்னும் பழைய தும்பிக்கை 'னை'யைத்தான் எழுதுகிறது. எனக்கு மிச்சமான ஏழில் ஒன்று அது.

அன்று ராத்திரியே உட்கார்ந்து அந்த ஏழையும் வரைந்தேன். படங்கள் இப்போது 84. காலையில் பெட்டியையும் போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவள் படித்து முடித்தாள்: 'இன்னும் எத்தனை நாளைக்குப் போனிலேயே பேசுறது?'

மே மாதத்துக்கு டிக்கெட் போட்டாச்சு. பெட்டியும் மேலூர் வருகிறது.