கண்மாய்கள் சொல்லும் வரலாறு

ஒரு மாவட்டத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் அரசர்தம் பெயர்வரிசையிலிருந்து தொடங்குதல் வழக்கம். இராமநாதபுரத்தின் வரலாற்றை அவ்வாறு எழுதினால் அது சேதுபதிகளோடு நின்றுவிடும். அம்மண்ணின் வரலாறு நீரின் வரலாறு என்பதும், அதனை ஊர்ப்பெயர்களும் உழவர் வழக்குகளும் இன்னும் காத்து நிற்கின்றன என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு 1910இல் அமைக்கப்பெற்ற இம்மாவட்டம் 1985இல் மூன்றாகப் பகுக்கப்பட்டது. சிவகங்கையும் விருதுநகரும் பிரிந்தபின் எஞ்சியது கடலோரச் சமவெளி. இங்கு ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. ஆண்டு மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். அதிற் பெரும்பகுதி வடகிழக்குப் பருவக்காற்றோடு வந்து சில நாள்களிற் கொட்டித் தீர்ந்துவிடும். பெய்த நீர் நில்லாமல் கடலுக்கு ஓடிவிடுவதே இந்நிலத்தின் பேரிடர்.

இவ்விடருக்கு முன்னோர் கண்ட விடை கண்மாய். சரிவு குறைந்த நிலத்திற் கரை எழுப்பி, ஒன்றன் கலுங்கில் வழியும் நீர் அடுத்ததன் வரத்துக்காலிற் சேருமாறு தொடராக அமைத்தனர். வைகையின் நீரும் இராமநாதபுரம் பெரிய கண்மாயை நிரப்புகின்றது. மிகுநீரே ஆற்றங்கரை என்னும் ஊரருகே கடலிற் கலக்கும். பயிருக்குக் கண்மாய், குடிநீருக்கு ஊருணி எனப் பிரித்து வைத்தமையும் கருதத்தக்கது. புத்தேந்தல், காஞ்சிரங்குளம், அச்சுந்தன்வயல் எனும் ஊர்ப்பெயர்களை நோக்குக. ஏந்தல் என்பது சிறு நீர்நிலை. நீரறியாத நிலத்தில் இப்பெயர்கள் பிறந்திரா.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில், சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை, மேற்கே ஓடும் பெரியாற்றைக் கிழக்கே திருப்ப இயலுமா என ஆராயச் செய்தார். பொருள் வசதியின்மையால் அம்முயற்சி கைகூடவில்லை. 1795இல் முத்துராமலிங்க சேதுபதியைக் கும்பெனியார் பதவியிலிருந்து நீக்கினர். 1803இல் சீமை ஜமீனாயிற்று. பேஷ்குஷ் ஒருபுறமும், வாரிசு வழக்குகளும் கடனும் மறுபுறமும் அழுத்த, கண்மாய்ப் பராமரிப்புப் பின்தங்கியது. 1895இல் பெரியாறு அணை எழுந்தபோது, அந்நீரால் முதன்மையாகச் செழித்தது மதுரைப் பகுதியே. முதலிற் கனவு கண்ட சீமை கடைமடையாகவே நின்றது.

1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன் ஒழிந்து, கண்மாய்கள் அரசின் பொறுப்பாயின. ஊரார் கூடிக் கரை உயர்த்திய குடிமராமத்து மெலிந்தது. மடை திறந்து முறை வைக்கும் நீர்ப்பாய்ச்சியின் தொழிலும் அருகியது. வரத்துக்கால்களிற் சீமைக்கருவேல் மண்டியது. இன்று முதுகுளத்தூர், கடலாடிப் பகுதிகளில் அம்மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டே பலர் பிழைக்கின்றனர். நீர்வழியை அடைத்த மரமே சோறும் இடுகின்றது. இம்முரணை உணராதார்க்கு இம்மாவட்டத்தின் பொருளாதாரம் விளங்காது.

ஆயினும் மண் மலடாகிவிடவில்லை. இங்கு விளையும் முண்டு மிளகாய் 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. பறவைகள் வந்து தங்கும் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்கள் 2022இல் பன்னாட்டுச் சிறப்புடைய ராம்சர் ஈரநிலங்களாக ஏற்கப்பட்டன. இவை இயற்கை தந்த ஏரிகள் அல்ல. மனிதர் மண் சுமந்து ஆக்கியவை.

இத்தகைய நிலத்தைத் ‘தண்ணியில்லாக் காடு’ என்று சுட்டும் வழக்கு நம்மிடையே வேரூன்றிவிட்டது. வறட்சிக்கு உவமை தேடும் கவிஞர்க்கும் இம்மாவட்டத்தின் பெயரே எளிதில் வாய்க்கின்றது. அச்சொல்லில் ஓர் அநீதி உண்டு. பராமரிப்பின்மையால் நேர்ந்த கேட்டினை அது இயற்கையின் மேல் ஏற்றிவிடுகின்றது. இயற்கையே குற்றவாளி எனில், தூர்ந்த வரத்துக்காலுக்கு எவரும் விடை சொல்ல வேண்டியதில்லை.

மடை, கலுங்கு, ஏந்தல், ஊருணி, வரத்துக்கால் என்னும் சொற்கள் முதியோர் நாவோடு மறைந்து வருகின்றன. பத்தாண்டு நிறைவுறும் நம் வட்டம், பதினோராம் ஆண்டில் ஒரு பணியை மேற்கொள்ளலாம். உறுப்பினர் ஒவ்வொருவரும் தத்தம் ஊரின் நீர்ச்சொற்களை, அவற்றைச் சொன்ன முதியோர் வாய்மொழியோடு, தொகுத்துத் தருதல் வேண்டும். அத்தொகுப்புக் கவிஞர்க்குச் சொல்வளம் ஆகும்; ஊர்க்கோ, எந்த வாய்க்கால் எங்கிருந்து வந்தது என்பதற்குச் சான்றாகும்.