பிள்ளைகளை உட்கார வைத்தது யார்?



"கையக் கட்டி ஒழுங்கா உக்காரு!" இந்த வார்த்தையை நான் ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறேன் என்பதை என் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டால் தெரியும். ஒரு நாள் ஒரு மாணவன் எழுந்து, "எதுக்கு சார் நாள் பூரா உக்காந்தே இருக்கணும்?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பின்னால போய் நில்லுடா" என்றேன். அவனோ சந்தோஷமாகப் போய் நின்றான். அன்று வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது: அவன் கேள்வியில் தவறு இல்லை, பதில்தான் என்னிடம் இல்லை. அந்தப் பதிலைத் தேடியதன் பயனே இக்கட்டுரை.

நம் முன்னோர் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சம்மணம் போட்டு அமர்ந்து, மணலில் விரலால் எழுதிப் பழகினார்கள். சட்டாம்பிள்ளை என்னும் மூத்த மாணவன் சிறுவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பான். 1789ஆம் ஆண்டு முதல் சென்னையில் ஓர் அநாதைச் சிறுவர் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், இம்முறையைத் தம் பள்ளியிலும் கொண்டுவந்தார். 1797இல் இலண்டனில் அதை நூலாக வெளியிட்டார். 'சென்னை முறை' என்றே அதற்குப் பெயர் வந்தது.

அதே காலத்தில் இலண்டனில் ஜோசப் லங்காஸ்டர் என்பவர், ஒரே ஆசிரியரையும் சட்டாம்பிள்ளைகளையும் வைத்து நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்வி தந்தார். நீள நீளமான பெஞ்சுகள் வரிசையாகப் போடப்பட்டன. ஆனால் எழுதும்போதுதான் உட்காருவார்கள். வாசிக்கும்போது சுவரோரம் அரைவட்டமாக நிற்பார்கள். ஆகவே அங்கும் நாள் முழுவதும் உட்காரவில்லை.

பின்னர் 1862இல் இங்கிலாந்தில் ஒரு விதி வந்தது. வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றிலும் பிள்ளைகள் தேறினால்தான் பள்ளிக்கு மானியத்தின் பெரும் பகுதி கிடைக்கும். 1880இல் பள்ளிக்கு வருவதும் கட்டாயமாயிற்று. கூட்டமோ பெரிது, ஆசிரியரோ ஒருவர், தலைக்கு மேல் சோதனை! அசையாத பிள்ளையே நல்ல பிள்ளை என்ற எண்ணம் வேரூன்றியதில் வியப்பென்ன?

நம் நாட்டிற்கு வருவோம். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்டத்தில் பள்ளிக்கூடம் வேண்டும் என்றது. பல தோட்டங்களில் ஒரு கொட்டகையே பள்ளிக்கூடம். கிராணியோ கங்காணியோ வாத்தியார். வெவ்வேறு வகுப்புப் பிள்ளைகள் ஒரே இடத்தில் இருந்தால் உட்கார வைக்காமல் வேறென்ன செய்வது?

இதை மறுத்தவர்களும் உண்டு. இத்தாலியின் மரியா மாண்டிசோரி அம்மையார் 1907இல் ரோம் நகரில் குழந்தைகள் இல்லம் தொடங்கினார். அசையாத பெஞ்சுகளை நீக்கி, பிள்ளைகளே தூக்கக்கூடிய சிறு மேசைகளை வைத்தார். 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து நம்மவருக்கும் பயிற்சி அளித்தார்.

பெற்றோர்களே, நமக்கென்று இன்னொரு காரணமும் இருக்கிறது. என் தகப்பனார் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்குப் போய்விடுவார். "நான் நின்னே தேஞ்சிட்டேன். நீ உக்காந்து படிய்யா. அப்பத்தான் உக்காந்து வேல பாக்கலாம்" என்பார். ஆபீசில் கிராணியார் உட்கார்ந்திருந்த நாற்காலிதான் அவர் கண்ட உயர்வு. அந்த ஆசையைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அது போட்ட சோற்றில் வளர்ந்தவன் நான். ஆனால் வேடிக்கையைப் பாருங்கள்: ஆசிரியனாகி நாள் முழுவதும் நின்றுகொண்டுதான் இருக்கிறேன்!

அன்றைய பிள்ளை பள்ளியில் உட்கார்ந்தாலும் மாலையில் லயத்து வாசலில் ஓடியாடியது. இன்றைய பிள்ளை பள்ளியில் உட்கார்ந்து, பஸ்ஸில் உட்கார்ந்து, டியூசனில் உட்கார்ந்து, வீட்டில் கைத்தொலைபேசியோடும் உட்காருகிறது. 5 வயது முதல் 17 வயது வரையுள்ளோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமாவது உடலை நன்கு அசைக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. நாமோ உடற்கல்விப் பாடவேளையைக் கணக்குக்கு எடுத்துக்கொள்கிறோம். நானும் எடுத்திருக்கிறேன், ஒப்புக்கொள்கிறேன். 1988இல் வந்த யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் ஒழிக்கப்பட்டது. நம் பழக்கம் மட்டும் ஒழியவில்லை.

தம்பி, உன் கேள்விக்கு இதுதான் பதில். உன்னை உட்கார வைத்தது கல்வியல்ல. பெரிய கூட்டமும், சோதனையும், உன்மேல் நாங்கள் வைத்த ஆசையுமே. படிக்கும் நேரத்தில் உட்கார்ந்து படி. உடற்கல்வி நேரத்தை இனி நான் தொடமாட்டேன். பெற்றோர்களே, மாலையில் ஒரு மணி நேரம் பிள்ளையைத் திடலுக்கு விடுங்கள். அதுவும் படிப்புத்தான்.