தொடக்க ஸ்கிரிப்டுகளுக்கான மொழித் தெரிவு

தொடக்க ஸ்கிரிப்டு என்பது, கணினியின் இயங்குதளம் தொடங்கும்பொழுது கோப்பு முறைமைகளைச் சரிபார்த்தல், அவற்றை இணைத்தல், வலையமைப்பை ஏற்படுத்துதல், சேவைகளை இயக்குதல் முதலிய பணிகளை வரிசையாகச் செய்யும் சிறு நிரலாகும். யுனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் இவை பெரும்பாலும் ஷெல் மொழியிலேயே எழுதப்பட்டன. பயனர் தட்டச்சிடும் கட்டளைகளை ஏற்று நிறைவேற்றும் நிரலே ஷெல் ஆகும். அதே கட்டளைகளைக் கோப்பொன்றில் எழுதி வைத்தால் அது ஷெல் ஸ்கிரிப்டு எனப்படும். பெர்ள், பைத்தான் போன்ற வளமான மொழிகள் தோன்றிய பின்னரும் இவ்விடத்தில் ஷெல்லே நீடித்தது.

காரணங்கள்

கருனி ஏற்றப்பட்டவுடன் கையில் இருப்பது வேர்க் கோப்பு முறைமை மட்டுமே. பெர்ள், பைத்தான் ஆகியவற்றை இயக்கும் நிரல்களும் அவற்றின் நூலகங்களும் ‘யூஎஸ்ஆர்’ அடைவில் இருப்பது வழக்கம். முன்னர்ப் பல கணினிகளில் இவ்வடைவு தனி வட்டுப் பிரிவிலோ, வலையமைப்பு வழியே வேறொரு கணினியிலோ இருந்தது. அதனை இணைப்பதே தொடக்க ஸ்கிரிப்டின் வேலை என்பதால், அந்த ஸ்கிரிப்டு அவ்வடைவை நம்பியிருக்க இயலாது. மேலும், இப்பணிகளில் பெரும்பகுதி பிற கட்டளைகளை அழைப்பதே ஆகும். அதற்கெனவே உருவானது ஷெல்.

பாஷும் டாஷும்

ஷெல் என்று முடிவு செய்தாலும் எந்த ஷெல் என்னும் கேள்வி எஞ்சும். ஸ்டீபன் போர்ன் எழுதிய ஷெல் 1979இல் யுனிக்ஸின் ஏழாம் பதிப்புடன் வெளிவந்தது. குனூ திட்டத்திற்காகப் பிரையன் ஃபாக்ஸ் எழுதிய பாஷ் 1989இல் வெளியானது. லினக்ஸ் வழங்கல்கள் பலவற்றில் ‘எஸ்எச்’ என்னும் பொதுப்பெயர் பாஷையே சுட்டியது. பாஷ் பயனருக்கு வசதியானது. எனினும் அளவில் பெரியது. ஒவ்வொரு தொடக்க ஸ்கிரிப்டும் புதிய ஷெல் ஒன்றை இயக்குவதால், அதன் சுமை கணினி தொடங்கும் நேரத்தில் வெளிப்பட்டது.

உபுண்டு 6.10 பதிப்பில் (அக்டோபர் 2006) ‘எஸ்எச்’ என்னும் பெயர் டாஷுக்கு மாற்றப்பட்டது. டாஷ், கென்னத் ஆல்ம்குவிஸ்டின் ஆஷ் ஷெல்லிலிருந்து டெபியனுக்காக ஹெர்பர்ட் சூ கொண்டுவந்ததாகும். டெபியன் இம்மாற்றத்தை 2011இல் வெளியான ஸ்குவீஸ் பதிப்பில் செய்தது. விரைவு கிடைத்தது, ஆனால் பாஷுக்கே உரிய நீட்சிகளைப் பொதுவானவை எனக் கருதி எழுதப்பட்ட ஸ்கிரிப்டுகள் முறிந்தன. எடுத்துக்காட்டாக, ‘சோர்ஸ்’ என்னும் கட்டளை டாஷில் இல்லை; அங்கே புள்ளியே இட வேண்டும். ‘எக்கோ’ கட்டளையுடன் ‘-ஈ’ கொடுத்தால், டாஷ் அதனையும் உரையாகக் கருதி அச்சிட்டுவிடும். பிழை டாஷினுடையது அன்று. போசிக்ஸ் தரத்திற்கு உட்பட்டு எழுதப்பட்டவை மாற்றமின்றி இயங்கின.

சென்னை சி-டாக் உருவாக்கி 2007இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ் டெபியனைத் தழுவியது. தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோசுடன் இதுவும் நிறுவப்பட்டது. ஆகவே, டெபியன் எடுக்கும் இத்தகைய முடிவுகள் பள்ளி மாணவர்களின் கணினி வரையிலும் வந்து சேர்ந்தன எனலாம்.

பழுதுபார்த்தல்

2012ஆம் ஆண்டின் மின்பற்றாக்குறைக் காலத்தில் சென்னைக்கு வெளியே நாள்தோறும் பல மணி நேரம் மின்வெட்டு இருந்தது. சேலம் மாவட்டத்துக் கெங்கவல்லி போன்ற பேரூராட்சிகளில் உள்ள மேசைக் கணினி ஒன்று, முறையாக அணைக்கப்படாமலே மின்சாரத்தை இழக்க நேரிடும். கோப்பு முறைமை கடுமையாகச் சிதைந்திருந்தால், மறுமுறை தொடங்கும்பொழுது கணினி பாதியில் நின்று, டெபியன் வழி வழங்கல்களில், பிசிபாக்ஸ் என்னும் சிறு தொகுப்பின் ஷெல்லைக் காட்டும். ‘எஃப்எஸ்சிகே’ கட்டளையைக் கையால் இட்டால் பெரும்பாலும் மீளலாம். தொடக்க ஸ்கிரிப்டும் அதே மொழியில் இருப்பதால், எந்த வரியில் நின்றது என்று படித்தறிந்து, தொடர்ந்து வரும் கட்டளைகளைத் தானே தட்டச்சிட முடிகிறது. மொழித் தெரிவில் விரைவை விடவும் எடை மிக்க காரணம் இதுவே.

பிற முயற்சிகள்

துருக்கியின் பார்டுஸ் வழங்கல், முடுர் என்னும் தொடக்க அமைப்பைப் பைத்தானில் எழுதியது. ஒரே நிரலாக இயங்குவதால் திரும்பத் திரும்ப ஷெல்லை அழைக்கும் செலவு இதில் குறைந்தது. பார்டுஸ் பின்னர் டெபியனைத் தழுவியபோது இது கைவிடப்பட்டது. குனூ கைக்ஸ் வழங்கலின் ஷெப்பர்டு கைல் மொழியில் எழுதப்பட்டுள்ளது.

2010இல் அறிமுகமான சிஸ்டம்டி, சேவைகளை ஸ்கிரிப்டாக எழுதாமல் அமைவுக் கோப்புகளில் விவரிக்கும் முறையைப் பரவலாக்கியது. ஃபெடோரா 15 (2011), டெபியன் 8 (2015) ஆகியவை இதனை இயல்பிருப்பாக ஏற்றன. எனினும் டெபியனில், வேர்க் கோப்பு முறைமையை இணைக்கும் முன் நினைவகத்தில் இயங்கும் தொடக்கப் பகுதி இன்றும் ஷெல் ஸ்கிரிப்டாகவே உள்ளது.