ஹியல் கலையும் இரும்புக் கையும்

‘ஹீலா’ என்னும் அரபுச் சொல்லைக் கேட்டவுடன் நம் மதரஸா மாணவர்களுக்கு நினைவு வருவது ஃபிக்ஹு நூல்களில் பேசப்படும் சட்டத் தந்திரமே. அதன் பன்மையாகிய ‘ஹியல்’ ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் பக்தாத் நகரில் வேறொரு பொருளையும் தாங்கி நின்றது. நீர், காற்று, எடை ஆகியவற்றைக் கட்டுப்படுத்தி, மனிதக் கை தனித்துச் செய்ய இயலாததைச் செய்விக்கும் கலைக்கு அக்காலத்தார் ‘இல்முல் ஹியல்’ என்று பெயரிட்டனர். அந்தப் பொருளை நாம் ஏறக்குறைய மறந்துவிட்டோம். அதனை எனக்கு நினைவூட்டியது நூலகம் அன்று. ஒரு கரும்பு வயல்.

திருவண்ணாமலையில் கிரிவலப் பாதையில், மலைக்கு மேற்புறமாக அமைந்த சிற்றூர் அடி அண்ணாமலை. அவ்வழியே ஒருமுறை சென்றபோது, டிராக்டரின் முன்புறம் பொருத்திய இரும்பு நகங்கள் வெட்டிக் குவித்த கரும்பை அள்ளி டிரெய்லரில் வைப்பதை நின்று பார்த்தேன். ‘கிராபர்’ என்று உழவர்கள் அதனை அழைக்கின்றனர். ஓட்டியவர் நடுவயதினர். அவ்வளவு பெரிய இயந்திரம் ஒரு கழியையும் முறிக்காமல் கட்டை இறக்கி வைத்தது. வியந்து கேட்டேன். “வண்டிக்குப் பலம் தானா இருக்கு பாய், மெதுவுதான் நம்ம கையில இருக்கு” என்றார். இக்கட்டுரை அவ்விடைக்கு எழுதப்படும் விரிவுரை எனலாம்.

பொருளைக் கவ்வி எடுக்கும் இயந்திரக் கையின் பழைய விளக்கம் ஒன்று நம் மரபிலேயே உள்ளது. மூசா இப்னு ஷாகிரின் மைந்தர்களாகிய முஹம்மத், அஹ்மத், ஹஸன் ஆகிய மூவரும் ‘பனூ மூசா’ என அறியப்பட்டவர்கள். கலீஃபா மஃமூன் (ஆட்சி 813–833) ஆதரவில் வளர்ந்தவர்கள். ஏறத்தாழ 850இல் அவர்கள் இயற்றிய ‘கிதாபுல் ஹியல்’ நூறளவான கருவிகளை விவரிக்கிறது. நீரடியில் கிடக்கும் பொருளை எடுக்கும் கருவியும் அவற்றுள் ஒன்று. கீலால் இணைந்த இரு அரை உருளைகள் வாய் திறந்தவாறு இறங்கும். அடியைத் தொட்டபின் மேலே இழுத்தால் வாய் மூடிப் பொருளைக் கவ்வும். இன்றைய கிராபரின் இரு தாடைகளும் இதே அமைப்பின் வழி வந்தவையாகத் தோன்றும். டொனால்ட் ஹில் 1979இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு இந்நூலை உலகறியச் செய்தது.

ஈண்டு ஓர் எச்சரிக்கை தேவை. ‘எல்லாம் நம் முன்னோர் கண்டதே’ என்று எழுதுவது நம் இதழ்களில் வழக்கமாகி வருகிறது. இது வரலாற்றுக்கும் அநீதி, முன்னோர்க்கும் அநீதி. பனூ மூசா, ஃபைலோ, ஹீரோன் முதலிய யவனர்களின் மரபை அறிந்தே அதனை வளர்த்தனர். அவர்களின் கவ்வுகருவி சங்கிலியின் இழுவையால் மூடியது. திரவ அழுத்தத்தால் அன்று. 1206இல் தம் நூலை நிறைவு செய்த அல்ஜஸரீ, வால்வுகளோடு கூடிய இரட்டை உருளை நீரேற்றியை வரைந்தார். 1551இல் தகீயுத்தீன் ஆறு உருளை நீரேற்றியை விவரித்தார். எனினும் அவையும் நீரை உயர்த்தவே பயன்பட்டன. அடைபட்ட திரவத்தில் ஓரிடத்துத் தரும் அழுத்தம் எங்கும் சமமாகப் பரவும் என்னும் விதியை நிறுவியவர் பாஸ்கல். அவர் நூல் 1663இல் வெளிவந்தது. அவ்விதியைக் கொண்டு பிராமா 1795இல் நீர் அழுத்த இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். டிராக்டரின் பின்புற ஏர்க்கருவியைத் திரவ விசையால் தூக்கும் முறையை இருபதாம் நூற்றாண்டில் செம்மைப்படுத்தியவர் ஹாரி ஃபெர்குசன். அவர் பெயர் தாங்கிய டிராக்டர்கள், 1960இல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனத்தின் வழியே நம் வயல்களுக்கும் வந்தன.

அவ்வாறாயின் பனூ மூசாவின் தனிச்சிறப்பு யாது? விசையைப் பெருக்குவதைவிட ஓட்டத்தை அடக்குவதிலேயே அவர்களின் கவனம் இருந்தது. கூம்பு வடிவ வால்வுகளையும், நீர்மட்டத்துக்கேற்பத் தாமே திறந்து மூடும் அமைப்புகளையும் பல கருவிகளில் கையாண்டனர். அடி அண்ணாமலை ஓட்டுநரின் கையில் இருந்ததும் வால்வுதான்.

இதனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 5 செ.மீ. விட்டமுள்ள உருளையின் பரப்பு ஏறத்தாழ 20 சதுர செ.மீ. ஆகும். சதுர செ.மீ.க்கு 150 கிலோ அழுத்தத்தில் எண்ணெய் அதனைத் தள்ளினால் ஏறத்தாழ மூன்று டன் விசை பிறக்கும். நிமிடத்துக்கு 30 லிட்டர் எண்ணெய் பாய்ந்தால் தண்டு நொடிக்கு 25 செ.மீ. ஓடும். லிவரை முழுதும் தள்ளினால் தாடை அறைந்து மூடுவதும், கரும்பு நசுங்குவதும் இதனாலேயே. ஓட்டத்தைக் கால் பங்காக்கினால் வேகம் 6 செ.மீ. அளவுக்கு இறங்கும், பிடிக்கும் வலிமையோ குறையாது. தடையைச் சந்தித்ததும் அழுத்தம் தானே உயர்ந்து நிற்கும். பலம் அழுத்தத்தைச் சார்ந்தது. வேகம் ஓட்டத்தைச் சார்ந்தது. இவ்வேறுபாட்டை அறிந்தவன் கையில் இயந்திரம் பணிந்து நடக்கும்.

ஏனைய விதிகள் இதனின்று கிளைப்பவை. காலையில் எண்ணெய் குளிர்ந்து தடித்திருக்கும். சுமையின்றிச் சிறிது நேரம் இயக்கிச் சூடேற்ற வேண்டும். எண்ணெயில் காற்றுக் குமிழ் கலந்தால் அது சுருங்கி விரிவதால் அசைவு துள்ளும். இறங்கும் சுமையைத் திடீரென நிறுத்தினால் அதிர்ச்சி முழுதும் குழாயில் பாயும். ஆகவே நிறுத்துவதற்கு முன்பே லிவரைச் சிறிது சிறிதாகத் திருப்ப வேண்டும். கட்டின் நடுவில் கவ்வ வேண்டும். சுமையைத் தாழ்வாக வைத்தே நகர வேண்டும். முன்பாரத்தால் பின்சக்கரம் தரைப்பிடி இழக்காதிருக்கப் பின்புறம் எடை கட்ட வேண்டும். குழாயில் ஊசித்துளைக் கசிவு இருப்பின் கையால் தடவிப் பார்த்தல் ஆகாது. அவ்வழுத்தத்தில் எண்ணெய் தோலைத் துளைத்து உட்புகும். சிறு புள்ளி போலத் தோன்றினும் உடனே மருத்துவமனை செல்ல வேண்டிய காயம் அது. வேலை முடிந்ததும் கிராபரைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, லிவரை அசைத்து எஞ்சிய அழுத்தத்தைப் போக்கிய பின்னரே குழாயைக் கழற்ற வேண்டும்.

ஸபஉ அத்தியாயத்தின் 10, 11ஆம் வசனங்கள் தாவூத் நபி (அலை) அவர்களுக்கு இரும்பு மென்மையாக்கப்பட்டதைக் கூறி, உடனே கவசக் கண்ணிகளில் அளவைப் பேணுமாறும் பணிக்கின்றன. இரும்பு இணங்கிவிட்டால் போதாது. இணங்கியதை அளவோடு கையாள வேண்டும் என்பது நான் அதில் காணும் படிப்பினை. பனூ மூசாவின் வால்வு அவ்வளவைத் தேடியது. பெயரறியாத அந்த ஓட்டுநரின் விரல்கள் அதனைப் பேணின. ஹியல் என்றால் தந்திரம் என்று மட்டும் சொல்லிப் பாடத்தைக் கடந்து செல்லும் ஆசிரியர்களுள் நானும் ஒருவனாக இருந்தேன். இனி அவ்விடத்தில் சற்று நின்று, கரும்பு வயலையும் சேர்த்துச் சொல்வேன், இன்ஷா அல்லாஹ்.